கித்தேரியும் செரபினாவும்

சென்ற தவக்காலத்திற்குச் சற்று முன்னர், ஞானஸ்நானத்திற்கு நாள் குறிக்க ஓர் இளந்தம்பதியர் பங்கு இல்லத்திற்கு வந்தனர். குழந்தையின் பாட்டியும் உடன் வந்திருந்தார். பெயர் என்னவென்று வினவினேன்.

"செரபினா, சாமி" என்றாள் தாய்.

"வாயில் நுழைகிற பெயராகச் சொல்லச் சொல்லுங்கள், சாமி" என்றார் பாட்டி.

பாட்டியின் பெயர் கித்தேரியம்மாள். எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். கித்தேரி தமிழ்ப் பெயரா? போர்த்துக்கல் நாட்டு மக்கள் வணக்கம் செலுத்திவந்த புனித குவித்தேரியாளின் பெயரன்றோ அது! போர்த்துக்கீசியர் வழியே நம் கரைக்கு வந்த அப்பெயர் முதன்முதல் கேட்டவர்களுக்கு எத்துணை விந்தையாய் ஒலித்திருக்கும்! மரிய கொரற்றி 1950ஆம் ஆண்டில் புனிதர் பட்டம் பெற்றபின், நம் வீடுகளில் எத்தனையோ கொரற்றிகள் தோன்றினர். கொரற்றி என்பது அந்த இத்தாலியச் சிறுமியின் குடும்பப் பெயர் என்பதைக்கூட எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. அன்றைய புதுப்பெயர்கள் இன்று பாட்டிமாரின் பெயர்களாகிவிட்டன.

ஆயினும் பாட்டியின் எதிர்ப்பு வெறும் பிடிவாதம் அன்று. கணவர் மறைந்தபின் அவருக்கு வரவேண்டிய குடும்ப ஓய்வூதியம் பதினொரு திங்கள் நின்றுபோயிற்று. ஞானஸ்நானப் பதிவேட்டில் 'குவித்தேரி', குடும்ப அட்டையில் 'கித்தேரி', ஆதார் அட்டையில் 'கிட்டேரி'. மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அவர் ஏறி இறங்கிய படிகள் கொஞ்சமல்ல. நானும் மூன்று கடிதங்கள் எழுதிக் கொடுத்தேன். பெயர் விந்தையாயிருந்தால் வயிறு காயும் என்பதைப் பட்டறிந்தவர் அவர்.

மருமகளுக்கோ வேறு துயரம். "என் பெயர் மேரி, சாமி. வகுப்பில் ஆறு மேரிகள். பள்ளி முடியும்வரை நான் குட்டை மேரி. என் மகளுக்கு அது வேண்டாம்" என்றாள். இதற்கு என்ன மறுமொழி கூறுவது? ஆரோக்கியமேரி, அடைக்கலமேரி என்று அன்னையின் திருத்தலங்களை நினைத்து இட்ட அழகிய பெயர்களும், கல்லூரிக்குச் சென்றதும் 'ஏ. மேரி' என்று சுருங்கிவிடுவதைக் காண்கிறேன். அது எனக்கு வருத்தமே.

திருச்சபைச் சட்டம் இதில் அத்துணைக் கடுமையானதன்று. 1917ஆம் ஆண்டின் தொகுப்பு, கிறிஸ்தவப் பெயர் இடப்படாவிடில் பங்குத்தந்தை ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்து, இரண்டையும் பதிவேட்டில் எழுதவேண்டும் என்றது. 1983ஆம் ஆண்டின் தொகுப்போ கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயர் இடலாகாது என்பதோடு நின்றுவிடுகிறது. செரபினா அத்தகைய பெயரன்று. இத்தாலியில் சான் ஜிமிஞ்ஞானோ என்னும் ஊரில் படுத்த படுக்கையாய்க் கிடந்து, 1253இல் இளம் வயதிலேயே இறந்த ஒரு புனிதைக்கு அப்பெயர் உண்டு.

பாட்டியிடம், "பழைய செபங்களில் பக்திச் சுவாலகர் என்று சொல்வீர்களே, நினைவிருக்கிறதா?" என்று கேட்டேன். "ஏன் இல்லாமல்?" என்றார். "அந்தச் சேராபீன்களிலிருந்து வந்த பெயர்தான் இது. எழுதிப் பார்த்தால் நான்கெழுத்து. உங்கள் பெயருக்கு எட்டெழுத்து" என்றேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசாதிருந்தார்.

பிணக்கு தீர்ந்தது என்றிருந்தேன். அப்பொழுது தந்தை ஒரு தாளை நீட்டினார். ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஓர் ஏ-யும் கடைசியில் ஓர் எச்-சும் கூட்டவேண்டுமாம். எண்கணிதம் பார்ப்பவர் ஒருவர் எழுதிக் கொடுத்தாராம். இதற்கு நான் இசையவில்லை. குழந்தையின் வாழ்வை ஆண்டவரிடம் ஒப்படைக்க வந்த இடத்தில் எழுத்துக் கணக்கிற்கு என்ன வேலை என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். எனக்கு முன்பே பாட்டி முந்திக்கொண்டு, "எழுத்து கூடினால் எத்தனை படி ஏறவேண்டும் என்று என்னைக் கேள், தம்பி" என்றார். மகன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பதிவேட்டில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தெழுத்தாக எழுதினேன். பிறப்புச் சான்றிதழிலும் ஓர் எழுத்து மாறாமல் அவ்வாறே இருக்கவேண்டும் என்று சொல்லி, நகலெடுத்துக் கொடுத்தேன்.

ஞானஸ்நானம் முடிந்து ஆலயப் படி இறங்குகையில் குழந்தை வீறிட்டழுதது. பாட்டி அதைத் தோளில் சாய்த்து, "செரா, என் செராக்குட்டி" என்று தட்டிக்கொண்டே வேப்பமர நிழலுக்கு நடந்தார்.