நோயினின்று மீண்டோர் ஆற்றும் தொண்டு

சங்கக் கணக்குகளைப் பரிசீலிக்கும்போது, ஓர் அங்கத்தினரின் பெயரில் நூல் பெற்ற பதிவும் சேலை ஒப்படைத்த பதிவும் திடீரென நின்றுபோயிருப்பதைக் காண்பதுண்டு. ஒரு சங்கத்தில் இதற்குக் காரணம் வினவினோம். அந்த அங்கத்தினர் காசநோய்க்கு இரண்டு மாதம் மருந்துண்டு, இருமல் நின்றதும் விட்டுவிட்டார் என்றும், நோய் திரும்பிப் படுக்கையில் இருக்கிறார் என்றும் கூறினர். பின்னர் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர், முன்பு அதே நோயினின்று குணமடைந்த மற்றொரு நெசவாளரே. இத்தகையோரின் உதவி எத்துணை அவசியம் என்பதை யாவரும் உணர வேண்டும்.

ஆரோக்கிய நிலையத்தில் தங்கினால்தான் காசநோய் தீரும் என்று ஒரு காலத்தில் கருதினர். சென்னையில் 1956-இல் தோன்றிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் இக்கருத்தை மாற்றிற்று. நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழைகளும், வீட்டிலிருந்தே ஒழுங்காக மருந்துண்டு, ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர் என்று 1959-இல் வெளியான அதன் ஆய்வு காட்டிற்று. ஆகவே, சிகிச்சை வெற்றி பெறுவதும் தோற்பதும் நம் தெருவிலேதான்.

மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு இன்று வழக்கமான சிகிச்சைக் காலம் 6 மாதம். சில வாரங்களிலேயே இருமலும் காய்ச்சலும் தணியும். கோரையை மேலாகக் கிள்ளினால் கிழங்கு மண்ணுள் தங்குவதை விவசாயிகள் அறிவர். கிருமியும் அவ்வாறே. இடையில் மருந்தை நிறுத்தினால் அது மருந்துக்கு அடங்காததாக மாறவும் கூடும்.

குணமடைந்தவர் செய்யக்கூடியவை சில. ரிஃபாம்பிசின் மருந்தால் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகும். அஞ்ச வேண்டுவதில்லை என்று தம் அனுபவத்தைக் கூறலாம். ஆனால் கண் மஞ்சளித்தாலும், வாந்தி தொடர்ந்தாலும் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். தாமே வைத்தியம் சொல்லலாகாது. சளிப் பரிசோதனைக்குரிய நாட்களில் துணை செல்லலாம். அரசாங்கம் ஊட்டச்சத்துக்காக 2018 முதல் மாதம் ரூ.500 அளித்து வந்தது. 2024 நவம்பர் முதல் அது ரூ.1,000 ஆயிற்று. அதனைப் பெற வங்கிக் கணக்கு விவரங்களைப் பதிவு செய்ய உதவலாம். இந்நோய் காற்றின் வழியே பரவுவது, பாத்திரத்தால் அன்று என்பதை அயலாருக்கு விளக்கலாம். ஆயினும் நோயாளியின் இசைவின்றி அவர் நோயை எவரிடமும் வெளியிடலாகாது.

நிர்வாகக் குழுவினரும் அவருடைய தறியைப் பிறருக்கு மாற்றிவிடாமல், உடல் தேறும்வரை அவருக்கு இயன்ற இலகுவான வேலையை அளிப்பது நலம்.

பாவில் ஓர் இழை அறுந்தால் நாம் தறியை நிறுத்திப் பிணைத்த பின்னரே நெய்கிறோம். அங்கத்தினர் ஒருவர் நோயுற்றபோதும் அவ்வாறே செய்வோமாக. நோயினின்று மீண்டவர்கள் முதலில் முன்வருவார்களாக.