ஆங்கிலப் படிவத்தில் ‘சின்ஸ்’, ‘ஃபோர்’, ‘ஃப்ரொம்’: கையொப்பமிட முன்னர் கவனியுங்கள்

மீள்குடியேறிய குடும்பங்கள் பல படிவங்களை நிரப்ப வேண்டியுள்ளது. பிரதேச செயலகத்துக்குத் தமிழிலேயே எழுதுங்கள். தமிழும் அரசகரும மொழி; வட மாகாணத்தில் அதுவே நிர்வாக மொழி. ஆனால் சர்வதேச நிறுவனங்களுக்கும் தூதரகங்களுக்கும் ஆங்கிலத்தில் எழுத நேரிடும். அங்கே ஒரு சிறு சொல், விடயம் முடிந்துவிட்டதா, இன்னும் தொடர்கிறதா என்பதையே மாற்றிவிடும்.

‘வசித்து வருகிறேன்’ என்பதற்குப் பலர் ‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் 2010’ என்று எழுதுகின்றனர். ‘ஐ ஹாவ் லிவ்ட் ஹியர் சின்ஸ் 2010’ என்பதே சரி. அன்று தொடங்கி இன்றும் தொடர்வதைச் சொல்ல ‘ஹாவ்’ அல்லது ‘ஹாஸ்’ வேண்டும்.

‘2010இலிருந்து’ என்று தொடங்கிய காலத்தைச் சொன்னால் ‘சின்ஸ்’. ‘இரண்டு வருடங்களாக’ என்று கால அளவைச் சொன்னால் ‘ஃபோர்’. எனவே ‘சின்ஸ் ரூ இயர்ஸ்’ பிழை. ‘ஃபோர் ரூ இயர்ஸ்’ சரி.

இடம்பெயர்ந்த காலத்தை எழுதுதல்

1983 முதல் பரந்தனில் இருந்து, 2008இல் இடம்பெயர்ந்து, 2010இல் திரும்பிய குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ‘வீ ஹாவ் லிவ்ட் இன் பரந்தன் சின்ஸ் 1983’ என்று எழுதினால், இடையில் எங்கும் போகவில்லை என்று பொருள்படும். நலன்புரி நிலையப் பதிவு வேறு விதமாகச் சொல்லும், இரண்டும் முரண்படும். இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்:

• வீ லிவ்ட் இன் பரந்தன் ஃப்ரொம் 1983 ரு 2008. (முடிந்த காலம், ‘ஹாவ்’ வேண்டாம்.)
• வீ ஹாவ் லிவ்ட் ஹியர் அகெய்ன் சின்ஸ் 2010. (இன்றும் தொடர்கிறது.)

இடம்பெயர்ந்த வேளையில் எவ்வளவு காலம் அங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் ‘ஹாட்’ வரும்: ‘வென் வீ லெஃப்ட் இன் 2008, வீ ஹாட் லிவ்ட் தெயர் ஃபோர் 25 இயர்ஸ்.’

உறவினர் பற்றி எழுதுதல்

காணாமற்போனவரைப் பற்றி ‘ஹீ வோஸ் மிஸ்ஸிங்’ என்று எழுதினால், பின்னர் அவர் கிடைத்துவிட்டார் என்று வாசிப்பவர் எண்ணக்கூடும். இன்னும் தகவல் இல்லையென்றால் ‘ஹீ ஹாஸ் பீன் மிஸ்ஸிங் சின்ஸ் மே 2009’ என்றே எழுதுங்கள். கடைசியாகக் கண்ட நாளைக் குறிப்பிடும்போது மட்டும் ‘ஹாவ்’ வேண்டாம்: ‘வீ லாஸ்ட் சோ ஹிம் இன் மே 2009.’

வெளிநாடு சென்று இன்னும் அங்கேயே இருக்கும் மகனுக்கு ‘ஹீ ஹாஸ் கோன் ரு கனடா’. போய்த் திரும்பியவருக்கு ‘ஹீ ஹாஸ் பீன் ரு கனடா’. இவை மாறினால், வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கும் மாறும்.

வேறொருவர் நிரப்பித் தந்தால்

கையொப்பமிட முன்னர் ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஆண்டு வரும் இடங்களில் ‘இது முடிந்ததா, தொடர்கிறதா?’ என்று கேளுங்கள். நீங்கள் சொன்னதும் எழுதியிருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் திருத்திய பின்னரே ஒப்பமிடுங்கள். ஒரு பிரதியையும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படிவத்திலும் அதே ஆண்டுகளையே எழுத அது உதவும்.