ஒரு பற்றரியும் ஒரு தையல் மெசினும்

பெரகல சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒரு பாதை ஹப்புத்தளைக்கு ஏறும், மற்றொன்று கொஸ்லந்தைப் பக்கம் போகும். மகளிர் குழு வேலையாக அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு நான் போகத் தொடங்கிய புதிதில், ஒரு அக்கா என்னைக் கண்டதும் சொன்ன முதல் வார்த்தை இன்னும் நினைவிருக்கிறது.

"தங்கச்சி, பெட்டரி செத்துப் போச்சு. தையலும் நின்னு போச்சு."

அவர் இந்த மண்ணில் பிறந்தவர். 1977ஆம் ஆண்டு கலவரத்தின் பின் பெற்றோர் கைக்குழந்தையாக அவரைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனார்கள். 2009இல் கணவரை இழந்தார். காலில் ஷெல் துண்டோடும் ஒரு மகளோடும் தம்பியைத் தேடித் தோட்டத்துக்கே திரும்பி வந்தார். லயத்துக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தி இருந்த இடத்தில் ஒரு கொட்டில். லயத்துக்கு மின்சாரம் உண்டு, கொட்டிலுக்கு இல்லை. இணைப்புக் கேட்டால் காணிக் கடிதம் வேண்டும். அது அவரிடம் இல்லை. தம்பியின் அறையிலிருந்து வயர் இழுக்கலாமே என்று யாரோ சொன்னார்களாம். அது சட்டப்படி பிழை; மாத முடிவில் பில் வந்ததும் குடும்பமும் உடையும்.

ஆகவே லொறிக்காரர் ஒருவரிடம் பழைய பற்றரி ஒன்றை வாங்கி, சந்தியில் உள்ள கராஜில் வாரம் இரண்டு முறை சார்ஜ் ஏற்றினார். பதினைந்து கிலோவுக்குக் குறையாத அந்தப் பெட்டியைத் தம்பிதான் தோளில் சுமப்பார். ஐந்தே மாதத்தில் பற்றரி கைவிட்டது. பெருநாளுக்கு ஒப்புக்கொண்ட பாடசாலைச் சட்டைகள் துணியாகவே கிடந்தன.

சமூகவியல் படித்த எனக்குப் பற்றரி பற்றி அப்போது எதுவும் தெரியாது. தெரிந்தவர்களிடம் கேட்டும் வாசித்தும் கற்றதையே எழுதுகிறேன். உங்களில் பலர் என்னைவிட அனுபவசாலிகள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி கிடைக்காமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்கள், ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் நீங்கள்.

முதலில் தெரிய வேண்டியது, பற்றரியில் இரண்டு சாதி உண்டு என்பது. லொறி, கார் பற்றரி என்ஜினை உதைத்துக் கிளப்பச் சில நொடிகளுக்குப் பெரிய மின்சாரம் கொடுப்பதற்காகச் செய்தது; உடனே என்ஜின் அதை நிரப்பிவிடும். மெல்ல மெல்ல, மணிக்கணக்காக மின்சாரம் எடுப்பதற்குத் தடித்த ஈயத் தகடு வைத்த பற்றரி வேறு; கடைகளில் சோலர் பற்றரி என்று கேட்டால் கொடுப்பார்கள். ஐரோப்பாவில் வானையே வீடாக்கிக் குடும்பத்தோடு ஊர் சுற்றுபவர்களும் இரண்டு பற்றரி வைத்திருக்கிறார்கள். ஒன்று என்ஜினுக்கு, மற்றது சமையலறை விளக்குக்கும் தண்ணீர்ப் பம்புக்கும். அவர்கள் உல்லாசத்துக்குப் போடும் கணக்கும் அக்கா வயிற்றுக்குப் போடும் கணக்கும் ஒன்றுதான்.

அந்தக் கணக்கைத் தையல் கொப்பியின் பின்பக்கத்தில் இருவருமாகப் போட்டோம். பழைய பற்றரி புதிதாக இருந்தபோது 60 அம்பியர் மணி. பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். ஆகவே கையில் இருப்பது 30. ஐந்து வாற் எல்.ஈ.டி குமிழ் மூன்று, நான்கு மணித்தியாலம் எரிந்தால் 60 வாற் மணி. சின்ன ரீவியும் போன் இரண்டும் இன்னுமொரு 60. மொத்தம் 120, அதைப் 12 வோல்ற்றால் பிரித்தால் 10 அம்பியர் மணி. அப்படியானால் மூன்று நாள் தாக்குப்பிடித்திருக்க வேண்டுமே?

"அக்கா, வேறு என்ன போட்டீங்க?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தையல் மெசினைக் காட்டினார். அதில் 100 வாற் மோட்டார் ஒன்று பூட்டியிருந்தது. இன்வேர்ட்டர் வழியாக இரவில் மூன்று மணித்தியாலம் ஓட்டினால் அது மட்டுமே ஏறக்குறைய 30 அம்பியர் மணியைக் குடித்துவிடும். காலால் மிதித்துத் தைக்கலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். ஷெல் துண்டு இருக்கும் கால் அது. நல்லவேளை, சொல்லவில்லை.

வெறுமையாகிய பற்றரியை நாள் கணக்கில் அப்படியே விட்டால் ஈயத் தகட்டில் வெள்ளைப் படிகம் உறைந்து இறுகிவிடும். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் நிற்காது. அக்காவின் பற்றரிக்கு நடந்தது அதுதான்.

2021இல் குழுவின் சுழற்சிக் கடனில் 100 வாற் சோலர் தகடு, சார்ஜ் கொன்றோலர், 100 அம்பியர் மணி சோலர் பற்றரி வாங்கினோம். நேர ஒழுங்கையும் மாற்றினோம். பெரகலையில் பல நாட்களில் பிற்பகலானால் பனிமூட்டம் ஏறிவிடும். ஆகவே காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, வெயில் இருக்கும்போது மட்டும் மோட்டார் ஓடும். அந்நேரம் மின்சாரத்தின் பெரும்பகுதியைத் தகடே கொடுத்துவிடும். பொத்தான், காஜா, மடிப்புத் தையல் எல்லாம் இரவில் குமிழ் வெளிச்சத்தில் கையால். வெயில் இல்லாத நாளில் மோட்டாருக்கு விடுமுறை.

காலையில் எதையும் போடாமல், வெயிலும் படாத வேளையில் மீற்றரைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவார். 12.7 என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதி. அன்று ரீவி இல்லை. 12க்குக் கீழே ஒருபோதும் இறங்க விடுவதில்லை. மகள் முதலில் முகம் சுளித்தாள். பிறகு அவளே எழுதத் தொடங்கினாள்.

பராமரிப்பில் அக்கா செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். குளிர் என்று பற்றரியை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஐதரசன் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும். காற்றுப் படும் இடத்தில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். மூடி திறக்கும் வகையானால் பற்றரித் தண்ணீரே விட வேண்டும். பீலித் தண்ணீரில் உப்புகள் உண்டு. உள்ளே இருப்பது அமிலம், பட்டால் நிறையத் தண்ணீரில் உடனே கழுவுங்கள். பழையதை உடைக்காமல், எரிக்காமல் வாங்குபவரிடம் கொடுங்கள். ஈயம் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது லயத்தில் இருந்தவர்கள் போனைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்கு வந்தார்கள். அக்கா எவரையும் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் வெயில் நேரத்தில் மட்டும், ஒரு தடவைக்கு மூன்று போன். காசு வாங்கவில்லை, முட்டையும் கீரையும் வந்தன.

2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் மழை பதுளை மாவட்டத்தை உலுக்கியபோது எனக்கு அவரைப் பற்றித்தான் பயம். 2014 ஒக்டோபர் 29இல் மண் சரிந்து லயங்களை மூடிய மீரியபெத்தை அந்தப் பக்கம்தான். இரவில் அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"ரீவி, குமிழ் எல்லாம் நிப்பாட்டிட்டேன் தங்கச்சி. வெயில் இல்லையே. மண்சரிவு எச்சரிக்கை வந்தா தெரியணும்ல, போனுக்கு மட்டும் வச்சிருக்கேன். காலையில 12.4 இருந்துச்சு. நாலு வீட்டுப் போனும் இங்கதான் கிடக்கு."