வாங்கும் வெறியும் மனச்சோர்வு மருந்தும்

கேரி தீவுத் தோட்டத்துக் குடும்பம் தீபாவளிக்குக் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குச் சென்று கை நிறையத் துணி வாங்கி வருவது நோயன்று. தேவையில்லை எனத் தெரிந்தும், கடன் கழுத்தளவு ஏறியும், வாங்காதிருக்க இயலாமையே நோய். ஜெர்மானிய மனநோய் அறிஞர் எமில் கிரெப்பெலின் 1915-இலேயே இதனை ‘ஒனியோமேனியா’ என்றார். ‘விற்பனைக்குரியது’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது அது. தமிழில் ‘வாங்கும் வெறி’ எனலாம்.

மூளையில் செரட்டோனின் என்னும் பொருளின் செயலைக் கூட்டும் மனச்சோர்வு மருந்துகள் இதற்கும் உதவுமா? அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் லோரின் கோரன் குழுவினர் 24 பேருக்குச் சித்தலோபிராம் கொடுத்து, 2003-இல் முடிவை வெளியிட்டனர். ஏழு வாரத்தில் 15 பேர் தேறினர். பின்னர் அவர்களுள் 7 பேருக்கு அம்மருந்தும், 8 பேருக்கு வெற்று மாத்திரையும் தரப்பட்டன. யாருக்கு எது என்பதை மருத்துவரும் அறியார். வெற்று மாத்திரை உண்டோருள் ஐவருக்கு வெறி திரும்பியது; மருந்துண்டோருள் ஒருவருக்கும் திரும்பவில்லை.

வெற்றி என்றே தோன்றும். ஆயினும் அம்மருந்தின் நெருங்கிய உறவாகிய எஸ்சித்தலோபிராம், 2007-இல் அதே குழுவினர் வெளியிட்ட ஆய்வில் வெற்று மாத்திரையை விஞ்சவில்லை. 2000-இல் வெளிவந்த ஆய்வுகளில் புளூவோக்சமினும் அவ்வாறே. அவற்றுள் ஒன்றில் வெற்று மாத்திரை உண்டோரும் பெரிதும் தேறினர். பங்குகொண்டோர் வாங்கியவற்றை நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதிவந்தனர்; அக்குறிப்பேடே ஓரளவு மருந்தாகியிருக்கலாம் என ஆய்வாளரே கருதினர்.