சட்டைப்பைப் பூதங்கள்

'போக்கிமான்' என்றதும், இது ஏதோ மான் ஜாதி போலும் என்று பெரியவர்கள் எண்ணக்கூடும். 'பாக்கெட் மான்ஸ்டர்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை ஜப்பானியர் நறுக்கி ஒட்டிய பெயர் அது. சட்டைப்பைப் பூதம் என்று பொருள். வாய்பாடு கேட்டால் திணறும் நம் பிள்ளைகள் இந்தப் பூதங்களின் பெயர்களை மட்டும் மளமளவென்று ஒப்பிக்கிறார்கள்.

1996-ம் வருஷம் இந்த வீடியோ விளையாட்டு பிறந்தபோது அதில் 151 ஜந்துக்கள் இருந்தன. காடு, மலை, கடல் எங்கும் திரிந்து அத்தனையையும் பிடித்துச் சேர்ப்பதே ஆட்டம். ஏறக்குறைய மூன்று வருஷத்துக்கொரு முறை ஒரு புதிய தலைமுறை பிறக்கிறது. 2022 நவம்பரில் வெளிவந்த ஒன்பதாம் தலைமுறை, பின்னால் வந்த பிற்சேர்க்கைகளோடு 120 புதிய ஜந்துக்களைக் கொணர்ந்து, மொத்தத்தை 1,025 ஆக்கிற்று.

இந்த ஒன்பதாம் தலைமுறை உலவும் கற்பனை நாடு ஸ்பெயின், போர்த்துக்கல் தேசங்களை மாதிரியாகக் கொண்டது. புன்னைக்காயலுக்கு அது தூரத்து உறவு என்றே சொல்லலாம். தாமிரபருணி கடலோடு கலக்கும் இவ்வூரில் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்து தங்கினார்களே, அவர்களை இழுத்த ஆசைகளில் முத்துச் சலாபமும் ஒன்று.

முத்தும் இந்த ஆட்டத்தில் உண்டு. 2002-ல் வந்த மூன்றாம் தலைமுறையில் 'கிளாம்பேர்ல்' என்றொரு சிப்பி இருக்கிறது. அதன் எண் 366. அது தன் ஆயுளில் ஒரே ஒரு முத்தை ஈனுமாம். அதைப் பிடிக்க மூச்சடக்கி மூழ்க வேண்டியதில்லை. விரல் அசைந்தால் போதும்.

மன்னார் வளைகுடாவின் சிப்பி அப்படிப்பட்டதல்ல. கடலடியிலுள்ள பாறைத் திட்டுகளை நம் கரையார் 'பார்' என்பர். ஒரு வருஷம் பார் முழுவதும் சிப்பிக் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் வெறும் பாறைதான் மிஞ்சும். நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து மூடிவிடும். சூரன் என்னும் சிறு மட்டி மேலே படர்ந்து மூச்சைத் திணற அடிக்கும். திருக்கை மீன் ஓட்டோடு நொறுக்கித் தின்றுவிடும். இவ்வளவுக்கும் தப்பிச் சில வருஷம் வளர்ந்த தலைமுறைக்குத்தான் சலாபம் நடக்கும். கடைசியாக 1961-ல் நடந்தது. அதன்பின் இந்தக் கரையில் முத்துக்குளிப்பே இல்லை.

மனிதர் கைகட்டிச் சும்மா இருந்துவிடவில்லை. தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-ல் சிப்பிக்குள் கருவை வைத்து முத்து விளைவித்தார்கள். 1981-ல் தொட்டியிலேயே சிப்பிக் குஞ்சு பொரிக்கச் செய்தார்கள். அந்தக் குஞ்சுகளைப் பாரில் விட்டும் பார்த்தார்கள். ஆயினும் பழைய சலாபம் திரும்பவில்லை. ஜப்பானியச் சித்திரக்காரருக்குக் கைவந்த காரியம் கடலுக்கு அவ்வளவு எளிதாய் இல்லை.

விளையாட்டைப் படைத்த ஸதோஷி தாஜிரியின் கதையும் இதற்கு வெகு தூரமில்லை. டோக்கியோவின் புறத்தே குளத்தங்கரைகளிலும் வயல்வெளிகளிலும் பூச்சி பிடித்துத் திரிந்த பிள்ளை அவர். பிறகு அங்கெல்லாம் கட்டடங்கள் எழும்பின, பூச்சிகள் போயின. அந்த ஆனந்தத்தை நகரத்துப் பிள்ளைகளுக்கு எப்படியாவது கொடுக்க வேண்டுமென்றுதான் இதை ஆக்கினார். ஆகையால் விளையாட்டைப் பிடுங்கி வைக்கும்படி பெற்றோருக்கு நாம் சொல்லப் போவதில்லை.

1961-ல் வாலிபராய்க் கடலில் மூழ்கியவர்கள் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார்கள். முத்துக்குளித்துறை ஊர்களில் அப்படியொரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், அந்த யந்திரத்தை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போகட்டும். 366-ம் எண்ணைக் காட்டி, "தாத்தா, நீங்க எடுத்த சிப்பி இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்கட்டும்.