வேதாளம் போட்ட நிபந்தனை

பத்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு மாயம் மட்டும் போதாது. அந்த மாயம் எதுவரை செல்லும் என்பதும் தெரிய வேண்டும். மந்திரக்கோலை ஆட்டினால் எல்லாம் நடந்துவிடும் என்றால் கதையில் யாருக்கும் ஆபத்தில்லை. அப்படிப்பட்ட கதையை ஐந்து வயதுப் பிள்ளை ரசித்துக் கேட்கும், பதினொரு வயதுப் பிள்ளை பாதியிலேயே மூடி வைத்துவிடும். 1947இல் தொடங்கிய சிறுவர் இதழ் அம்புலிமாமா இதற்கு நல்ல சாட்சி. வேதாளம் விக்கிரமாதித்தனுக்குச் சொன்ன பழைய கதைகள் 25தான். அவை தீர்ந்த பிறகும் புதுக்கதைகளை எழுதிப் பல பத்தாண்டுகள் அந்தத் தொடரை இதழ் நடத்தியது. அத்தனை காலம் அதைத் தாங்கியது வேதாளம் போட்ட நிபந்தனை. விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடித்துவிடும்; திறந்தால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். எந்தப் பக்கம் போனாலும் ராஜாவுக்கு நஷ்டம். முடிவு தெரிந்திருந்தும் பிள்ளைகள் மாதாமாதம் காத்திருந்தது இந்த இக்கட்டுக்காகத்தான்.

மதுரை மாவட்டத்து உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எழுத உட்காருகிறவர் பனி மூடிய கோட்டையைத் தேடிப் போக வேண்டியதில்லை. இங்கே மாயம் விதிகளோடுதான் புழங்குகிறது. காவல் தெய்வத்துக்கு எல்லை உண்டு, உச்சிப் பொழுதில் போகக் கூடாத மரத்தடி உண்டு. மாசியில் உசிலம்பட்டியிலிருந்து பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்குச் சாமிப்பெட்டிகள் போகின்றன. பூட்டிய பெட்டி, அதைச் சுமக்க உரிமை உள்ளவர், அதற்கென்று ஒரு முறைமை, வழிநெடுகக் காத்து நிற்கும் ஜனம். ஒரு நாவலுக்கு வேண்டிய பரபரப்பு முழுவதும் இதில் இருக்கிறது. அந்தக் கோயிலையே கதைக்குள் இழுக்க வேண்டும் என்று சொல்லவில்லை; அது மக்களின் வழிபாடு. விதி எப்படி ஆவலை வளர்க்கிறது என்பதை அங்கே கற்றுக்கொள்ளலாம்.

இது மூடநம்பிக்கையை ஊட்டாதா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் நம்பிக்கையாக வரும்போது கேள்வி கேட்க முடியாத விதியை, கதைக்குள் ஒரு சிறுமி நிறுத்தி வைத்துக் கேட்கலாம்: பெட்டியை நான் ஏன் தொடக் கூடாது? அவள் தொட்டுப் பார்க்கலாம், விளைவையும் சந்திக்கலாம். பகுத்தறிவுக்கு இதைவிட நல்ல பயிற்சி எது? அறிவியலை மட்டும் கொடுத்தால் போதும் என்கிறவர்களுக்குச் சிறுவர் எழுத்தாளர் வாண்டுமாமாவை நினைவூட்டலாம். மாயக்கதைகளையும் அறிவியல் நூல்களையும் அவர் ஒரே கையால் எழுதினார். ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிடவில்லை.

உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ இதே மதுரைச் சமவெளியின் கீழடியைக் களமாகக் கொண்ட மாயக்கதை. 2023இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. ஆதன் என்பது கீழடிப் பானை ஓட்டில் கீறப்பட்டிருக்கும் பெயர். தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருளில் காலூன்றினால் கற்பனை எவ்வளவு தூரமும் தாவலாம். உசிலம்பட்டியிலிருந்து அதிகத் தூரமில்லாத விக்கிரமங்கலம் உண்டாங்கல் குன்றிலும் சமணத் துறவிகளுக்காக வெட்டிய கற்படுக்கைகள் இருக்கின்றன. கிறிஸ்துவுக்கு முந்தைய தமிழி எழுத்தில் பெயர்களும் இருக்கின்றன. அந்தக் கற்படுக்கை ஒன்றில் கண்ணயரும் சிறுவன் அந்தக் காலத்தில் விழிப்பதாகக் கதை தொடங்கட்டும். திரும்பி வர அவன் எதை விட்டுவிட்டு வர வேண்டும்? அங்கே கற்ற எழுத்தையா, கிடைத்த சிநேகிதனையா, தன் பெயரையா? எழுதத் தொடங்குமுன் ஆசிரியர் இதை முடிவு செய்தாக வேண்டும். அந்த விலையை வாசகருக்கு எந்த அத்தியாயத்தில் சொல்வது என்பது தனிச் சிக்கல். அடுத்த வாரம் அதை எடுத்துக்கொள்வோம்.