கல்லும் வாளியும் இரண்டு தராசுகளும்

பதினொன்றாம் வகுப்பில் பாய்மங்கள் பாடம் தொடங்கியதும் பிள்ளைகள் திண்டாடும் கணக்கு ஒன்று உண்டு. தராசின் மேல் ஒரு வாளி இருக்கிறது. வாளியும் தண்ணீருமாக 5 கிலோ. 2.5 கிலோ எடையுள்ள கல்லைக் கயிற்றில் கட்டி, கயிற்றை ஒரு சுருள்வில் தராசில் தொங்கவிட்டு, கல் முழுக்க மூழ்கும்வரை வாளிக்குள் இறக்குகிறோம். கல் அடியைத் தொடவில்லை, தண்ணீரும் வழியவில்லை. கல்லின் அடர்த்தி கன மீட்டருக்கு 2,500 கிலோ. மேல் தராசு எவ்வளவு காட்டும்? கீழ்த் தராசு எவ்வளவு காட்டும்?

முதல் கேள்விக்கு விடை வந்துவிடும். இரண்டாவதில்தான் சிக்கல். "கல்லைக் கயிறுதானே தாங்குது? கீழே அதே 5 கிலோதான்" என்பார் ஒருவர். "கல்லும் உள்ளே போயிடுச்சே, 7.5 கிலோ" என்பார் இன்னொருவர். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைச் சொல்லச் சொன்னால் இருவருமே தடங்கலின்றிச் சொல்வார்கள். சூத்திரம் தெரியாததல்ல குறை. எந்தப் பொருளுக்குக் கணக்குப் போடுகிறோம் என்று முடிவு செய்யாமலே எண்களைப் பெருக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

எனவே பேனாவை எடுத்ததும் கல்லை மட்டும் வரையுங்கள். வாளி வேண்டாம், தராசு வேண்டாம். ஒரு வட்டம் போதும். இப்போது ஒரே கேள்வி: இந்தக் கல்லைத் தொட்டுக்கொண்டிருப்பவை எவை? கயிறு, தண்ணீர். தொடாமலே இழுப்பது பூமி. ஆக மூன்று விசைகள், மூன்று அம்புக்குறிகள். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால் பூமி கீழ்நோக்கி இழுப்பது 25 நியூட்டன். கல்லின் கன அளவு 2.5 வகுத்தல் 2,500, அதாவது 0.001 கன மீட்டர். நம் வழக்கில் 1 லிட்டர். அது விலக்கிய 1 லிட்டர் தண்ணீரின் எடை 10 நியூட்டன். அதுவே தண்ணீர் கல்லை மேல்நோக்கித் தள்ளும் மிதப்பு விசை. மிச்சம் 15 நியூட்டனைக் கயிறு தாங்குகிறது. மேல் தராசு காட்டுவதும் அதைத்தான்.

அடுத்து, பக்கத்திலேயே இன்னொரு படம். இம்முறை வாளியும் தண்ணீரும் சேர்ந்து ஒரே பொருள். பூமி இழுப்பது 50 நியூட்டன். கீழிருந்து தராசு மேலே தள்ளுகிறது. இத்தோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. தண்ணீரைக் கல்லும் தொடுகிறதே! தண்ணீர் கல்லை 10 நியூட்டன் மேலே தள்ளினால், கல் தண்ணீரை அதே 10 நியூட்டன் கீழே தள்ளியாக வேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதி பாய்மப் பாடத்துக்குள்ளும் வரும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. ஆக, தராசு தாங்குவது 60 நியூட்டன். முள் 6 கிலோவில் நிற்கும்.

சரிதானா என்று பார்க்க, எல்லாவற்றையும் ஒரே பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த எடை 25 உடன் 50, அதாவது 75. தாங்குபவை இரண்டு தராசுகள்: 15 உடன் 60, அதுவும் 75.

கல் தொடாத வாளிக்கு அதன் பாரம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டால் எனக்கு மிகவும் பிடிக்கும். கல் இறங்கியதும் நீர்மட்டம் உயர்கிறது. ஆழம் கூடினால் அடியில் அழுத்தம் கூடும். கூடிய அழுத்தம் வாளியைக் கூடுதலாக அமுக்குகிறது, அவ்வளவுதான். சமையலறையில் எலக்ட்ரானிக் தராசு இருந்தால், அதன் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, டம்ளரைத் தொடாமல் விரலை மட்டும் நனையுங்கள். சில கிராம்கள் ஏறும். மூழ்கிய விரலின் கன அளவு எத்தனை மில்லிலிட்டரோ, ஏறத்தாழ அத்தனை கிராம்.

'தொடுவது எது, தள்ளுவது எது' என்ற இதே கேள்வி கிணற்று மோட்டாருக்கும் பொருந்தும். மோட்டார் தண்ணீரை உறிஞ்சி இழுக்கிறது என்கிறோம். குழாய்க்குள் இருக்கும் தண்ணீரை மேலே தள்ளுவது உண்மையில் வெளியே நீர்ப்பரப்பை அமுக்கும் காற்று. அந்தக் காற்றழுத்தத்தால் சுமார் 10.3 மீட்டருக்கு மேல் தண்ணீரைத் தூக்க முடியாது. நடைமுறையில் அந்த அளவும் கிடைப்பதில்லை. ஆழக் கிணறுகளில் மோட்டாரை உள்ளேயே பாதி ஆழத்தில் மேடை கட்டி வைப்பது இதனால்தான்.

உதவி கேட்கப் போகும்போது இந்தப் படங்களைக் கையோடு கொண்டுபோங்கள். "இந்தக் கணக்கு வரல" என்று மட்டும் சொன்னால், சொல்லித் தருபவர் முழுக் கணக்கையும் போட்டுக் காட்டுவதைத் தவிர வேறென்ன செய்வார்? "கல்லுக்கு மூணு விசை வரைஞ்சேன் அக்கா, வாளிக்கு ரெண்டுதான் வருது, ஆனா மொத்தம் ஒத்துவரல" என்று சொல்லிப் பாருங்கள். எங்கே இடறியது என்பது அவருக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். சொல்லித் தருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளையின் கையிலிருந்து பேனாவை வாங்காதீர்கள். "வேறெது தண்ணியத் தொடுது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

விடை பொருந்தாவிட்டால் முதலில் அலகுகளைப் பாருங்கள். சதுர சென்டிமீட்டரைச் சதுர மீட்டராக்க 10,000-ஆல் வகுக்க வேண்டும்; 100-ஆல் வகுத்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

இதே கல்லை வைத்து இன்னொரு கணக்கு. தொட்டித் தண்ணீரில் ஒரு பாத்திரம் மிதக்கிறது, கல் அதற்குள் இருக்கிறது. கல்லை எடுத்துத் தண்ணீருக்குள் போட்டால் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா? மிதக்கும்போது கல்லுக்காக விலகும் தண்ணீர் 2.5 லிட்டர், மூழ்கிக் கிடக்கும்போது 1 லிட்டர். மட்டம் இறங்கும். ஒரு வாளியும் கிண்ணமும் கூழாங்கற்களும் இருந்தால் இன்று மாலையே செய்து பார்க்கலாம். வாளியின் உட்புறம் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.